கொழுப்பைக் குறைப்பதா, நொதியைக் கூட்டுவதா? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தையின் தட்டு குறித்து ஓர் ஒப்பீடு

நுரையீரலையும் கணையத்தையும் தாக்கும் மரபணு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று உறுதியான குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்த முதல் மாதத்தில், நுரையீரல் மருந்துகளைக் காட்டிலும் சாப்பாடுதான் குடும்பத்தை அதிகம் குழப்புகிறது. நெபுலைசரை எத்தனை வேளை வைப்பது என்பதை மருத்துவர் எழுதிக் கொடுத்துவிடுகிறார். அதில் வீட்டாருக்குச் சொந்தக் கருத்து இருப்பதில்லை. தட்டில் என்ன வைப்பது என்பதிலோ எல்லோருக்கும் கருத்து உண்டு. “எண்ணெய்ச் சத்து ஒத்துக்காத பிள்ளைக்கு எதுக்கும்மா நெய்யும் முட்டையும்? ரசஞ்சோறு, இட்லின்னு குடு, வயிறு தானா அடங்கும்” என்று பாட்டி சொல்வார். அவர் சொல்வது பொய்யும் அல்ல. கொழுப்பைக் குறைத்த சில நாட்களிலேயே மலத்தின் நாற்றமும் அளவும் குறைந்துவிடும், வயிற்று உப்புசமும் தணியும். இந்த முடிவில் உள்ள சிக்கலே அதுதான்: தவறான வழி உடனடியாகப் பலன் காட்டுகிறது, சரியான வழியின் பலன் தெரிய எடை அட்டையில் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

முன்னால் உள்ள வழிகள் மூன்று. கொழுப்பைக் குறைத்து வயிற்றை அமைதிப்படுத்துவது ஒன்று. கொழுப்பைத் தாராளமாகக் கொடுத்து, அதைச் செரிக்க வைக்கும் கணைய நொதிகளை மாத்திரையாகக் கொடுப்பது இரண்டாவது. செரிப்பதற்கு எளிதான தனிவகைக் கொழுப்புக்கு மாறுவது மூன்றாவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கணையம் செயலிழந்த குழந்தைக்கு, குறிப்பாக வளரும் வயதில், இரண்டாவது வழிதான் அடித்தளம். மற்ற இரண்டும் எங்கே பொருந்தும், எங்கே பொருந்தா என்பதைப் பிறகு பார்ப்போம். இங்கே வரும் எண்கள் மருத்துவரிடம் கேள்வி கேட்பதற்குப் பயன்படட்டும். அவரைக் கேட்காமல் அளவை மாற்றுவதற்கு அல்ல.

இந்நோயில் சி.எஃப்.டி.ஆர். என்னும் மரபணு பழுதுபட்டிருப்பதால், உயிரணுக்களின் சவ்வு வழியே குளோரைடும் பைகார்பனேட்டும் கடந்து செல்வது தடைப்பட்டு, உடலின் சுரப்புநீர்கள் கெட்டிப்பட்டுவிடுகின்றன. நுரையீரலில் அது விலகாத சளியாகிறது. கணையத்தில் சிறு நாளங்களை அடைத்துக்கொள்கிறது. குடலுக்குப் போய்ச் சேர வேண்டிய நொதிகள் உள்ளேயே தேங்கிக் கணையத் திசுவை அழித்து, அந்த இடத்தில் நார்த்திசு படிகிறது. 1938-இல் நியூயார்க் மருத்துவர் டோரத்தி ஆண்டர்சன் இந்நோயை முதன்முதலாக விரிவாக விவரித்தபோது, கணையத்தின் பெயரைச் சேர்த்துத்தான் அதற்குப் பெயரிட்டார். நோயாளிகளில் சுமார் 85 விழுக்காட்டினருக்குக் கணைய நொதிகள் போதாமல் போகின்றன. அவர்கள் உண்ணும் கொழுப்பில் பெரும்பகுதி செரிக்காமல் அப்படியே வெளியேறுகிறது: வெளிறிய, பளபளக்கும், பீங்கானில் ஒட்டிக்கொண்டு இரண்டு வாளித் தண்ணீருக்கும் போகாத மலம், நீரின் மேல் எண்ணெய் வளையம். பசியும் குறையாமல், உடம்பும் தேறாமல் குழந்தை தேய்வது இதனால்தான்.

மீதமுள்ள 15 விழுக்காட்டினருக்குக் கணையம் போதிய அளவு வேலை செய்கிறது. அவர்களுக்கு நொதி மாத்திரை தேவையில்லை. எனவே எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால், எலாஸ்டேஸ் என்னும் கணைய நொதி மலத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் மல எலாஸ்டேஸ் சோதனையைச் செய்தாக வேண்டும். ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உண்டோ என்று ஐயப்படலாம். 100-க்குக் கீழே போனால் அநேகமாக உறுதி. பேதியாகப் போகும்போது எடுத்த மலத்தில் இந்த எண் பொய்யாகக் குறைந்து காட்டும் என்பதைச் சோதனைக்கூடத்தில் யாரும் சொல்வதில்லை. கெட்டியான மலத்தில்தான் எடுக்க வேண்டும்.

டொராண்டோவும் பாஸ்டனும்

கொழுப்பைக் குறைப்பது பாட்டி வைத்தியம் மட்டும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலகின் பெரிய மருத்துவமனைகள் பலவும் அதைத்தான் பரிந்துரைத்தன. அதற்கு நியாயமும் இருந்தது. அன்றைய நொதிப் பொடிகளுக்கு அமிலத்தைத் தாங்கும் உறை இல்லை. விழுங்கியவற்றில் பெரும்பகுதி இரைப்பை அமிலத்திலேயே செத்துவிடும். செரிக்க வைக்க முடியாத கொழுப்பைக் கொடுத்து வயிற்று வலியை ஏன் வரவழைப்பது என்று அவர்கள் எண்ணினார்கள்.

கனடாவின் டொராண்டோவில் டக்ளஸ் குரோசியர் என்ற மருத்துவர் எதிர்த்திசையில் போனார். அவருடைய நோயாளிகள் முழுக்கொழுப்புப் பாலும் வெண்ணெயும் முட்டையும் சாப்பிட்டார்கள். அதற்கு ஈடாக நொதி மாத்திரைகளைக் கைநிறைய விழுங்கினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவின் பாஸ்டனில் கொழுப்பைக் கட்டுப்படுத்திய உணவு முறை தொடர்ந்தது. இரு நகரங்களிலும் மார்புச் சிகிச்சை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருந்தது. இரண்டு மையங்களிலும் சுமார் ஐந்நூறு நோயாளிகள் வீதம் எடுத்து ஒப்பிட்ட ஆய்வு 1988-இல் வெளிவந்தபோது, பாஸ்டனில் நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 21 ஆண்டுகள், டொராண்டோவில் 30 ஆண்டுகள் என்று தெரிந்தது. டொராண்டோ நோயாளிகள் உயரமாகவும், ஆண்கள் எடை கூடியவர்களாகவும் இருந்தார்கள். நுரையீரல் செயல்பாட்டில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

சீட்டுக் குலுக்கி இரு பிரிவாகப் பிரித்துச் செய்த சோதனை அல்ல இது. இரண்டு ஊர்களை ஒப்பிட்டுப் பார்த்ததுதான். ஒன்பது ஆண்டு வேறுபாடு முழுவதையும் வெண்ணெய்க் கணக்கில் எழுதிவிட முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு கொழுப்பைக் குறைக்கும் பரிந்துரை மையம் மையமாகக் கைவிடப்பட்டது. 1970-களின் பிற்பகுதியில் அமிலத்தைத் தாங்கும் உறையிட்ட நுண்மணிகளாக நொதிகள் வரத் தொடங்கியதால், அந்தப் பழைய நியாயமும் இல்லாமல் போயிற்று. இன்றைய பரிந்துரைகள் நோயின் தீவிரத்தையும் செரிமானத்தையும் பொறுத்து, சம வயதினருக்குத் தேவையானதில் 110 முதல் 200 விழுக்காடு வரை கலோரி கொடுக்கச் சொல்கின்றன. கலோரியை வயிற்றில் அதிக இடம் அடைக்காமல் கொடுக்கக்கூடியது கொழுப்பு ஒன்றே: கிராமுக்கு 9 கலோரி, சோற்றிலுள்ள மாவுச்சத்தோ கிராமுக்கு 4 தான்.

ஒரு காலைச் சாப்பாட்டின் கணக்கு

ஐந்து வயது, 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். பாட்டி வழியில் போனால் மூன்று இட்லி, சாம்பார், ஆவின் நீல நிறப் பாக்கெட் பால் ஒரு டம்ளர். இட்லியில் 1 கிராம், சாம்பார்த் தாளிப்பில் 2 கிராம், 3 விழுக்காடு கொழுப்புள்ள 150 மில்லி பாலில் நாலரை கிராம் என, எல்லாம் சேர்ந்தாலும் எட்டு கிராம் கொழுப்பைத் தாண்டாது. இரண்டாவது வழியில் அதே மூன்று இட்லிக்கு இரண்டு மேசைக்கரண்டி வேர்க்கடலைச் சட்னி, இரண்டு தேக்கரண்டி நெய், 6 விழுக்காடு கொழுப்புள்ள ஆரஞ்சு நிறப் பாக்கெட் பால். சட்னியில் ஏறத்தாழ 8, நெய்யில் 10, பாலில் 9, இட்லியில் 1, ஆக 28 கிராம். பார்வைக்குத் தட்டு ஏறக்குறைய அதேதான்; குழந்தை கூடுதலாக ஒரு இட்லிகூடச் சாப்பிடவில்லை. ஆனால் 180 கலோரி கூடியிருக்கிறது. மூன்று வேளையும் இப்படியே நடந்தால் நாளுக்கு 540 கலோரி. இந்த வயதில் நோயில்லாத குழந்தைக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 1,350 கலோரி அளவில் என்பதை வைத்துப் பார்த்தால், இந்த 540 எவ்வளவு பெரியது என்று புரியும்.

விலையும் இதே கணக்கில்தான் ஏறுகிறது. முதல் தட்டுக்கு, கொழுப்பை உடைக்கும் நொதியான லைபேஸ் 10,000 அலகு உள்ள காப்ஸ்யூல் ஒன்று போதும். இரண்டாவது தட்டுக்கு மூன்று தேவைப்படலாம். மூன்று வேளைக்கு ஒன்பது, நடுவில் வரும் மூன்று சிற்றுண்டிகளுக்கு ஒவ்வொன்று என்று வைத்தால் நாளுக்குப் பன்னிரண்டு, மாதத்துக்கு 360, ஆண்டுக்கு 4,380 காப்ஸ்யூல்கள். குழந்தை வளர வளர இந்த எண்ணிக்கையும் வளரும். மருந்துக்கடைச் சீட்டோடு இதைப் பெருக்கிப் பார்த்த தகப்பன், கொழுப்பைக் குறைத்தால் மாத்திரையும் குறையுமே என்று கேட்பது கருமித்தனம் அல்ல. கேள்வி நியாயமானது, ஆனால் மாத்திரையில் மிச்சப்படுத்திய பணம் எடைக் குறைவாகவும், எடை குறைந்த உடம்பில் அடிக்கடி வரும் மார்புத் தொற்றாகவும் திரும்பி வருகிறது. எடையும் உயரமும் சரியாக உள்ள குழந்தைகளுக்கு நுரையீரலும் நன்றாக இருப்பதைப் பல நாட்டு நோயாளிப் பதிவேடுகள் காட்டுகின்றன. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் உடல் நிறை குறியீட்டெண், அதே வயதும் பாலினமும் உள்ள நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையதற்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றும், வளர்ந்த பெண்களுக்கு 22, ஆண்களுக்கு 23 என்ற அளவாவது வேண்டும் என்றும் இலக்கு வைத்திருப்பது அதனால்தான்.

மூன்றாவது வழியை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எனப்படும் எண்ணெய்க்கு லைபேஸ் அவ்வளவாகத் தேவைப்படாது. குடலிலிருந்து நேராக இரத்தத்தில் ஏறிவிடும். கல்லீரலும் பாதிக்கப்பட்டுப் பித்தம் குறைந்தவர்களுக்கும், குழாய் வழியாக உணவு பெறுபவர்களுக்கும் இது துணை செய்கிறது. ஆனால் அதில் இன்றியமையாத கொழுப்பு அமிலங்கள் இல்லை, விலையும் அதிகம், சமையலில் சுவை ஒட்டாது. தேங்காய் எண்ணெய் இயற்கையாகவே அந்த வகைதானே, அதைத் தாராளமாக ஊற்றினால் நொதி வேண்டாமே என்று ஒரு பேச்சு உலவுகிறது. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலம். பெயரளவில் அது நடுத்தரச் சங்கிலி என்றாலும், உடம்பு அதைப் பெரும்பாலும் நீள்சங்கிலிக் கொழுப்பைப் போலத்தான் கையாளுகிறது. தேங்காய் எண்ணெய் நல்ல கலோரி. நொதிக்கு மாற்று அல்ல.

எந்த நொதி, எவ்வளவு, எப்படி

மருந்துக்கடையில் “செரிமானத்துக்கு” என்று கேட்டால் இனிப்பான சிரப் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். அவற்றில் பெரும்பாலும் இருப்பது மாவுச்சத்தை உடைக்கும் டயாஸ்டேஸும் புரதத்தை உடைக்கும் பெப்சினும்தான். இந்தக் குழந்தைக்கு இல்லாமல் போனது கொழுப்பை உடைக்கும் லைபேஸ். அது அந்தப் புட்டியில் இல்லை. தேவைப்படுவது பான்கிரியாட்டின் எனப்படும் கணைய நொதிக் கலவை, உறையிட்ட நுண்மணிகள் அடைத்த காப்ஸ்யூல் வடிவில். உறையில்லாத மாத்திரைகளும் உண்டு. அவை விலை குறைவு, ஆனால் அமிலத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை நம்ப முடியாது.

பான்கிரியாட்டின் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இதைச் சொல்லாமல் மறைப்பது தவறு. பின்னாளில் தெரியவந்து மருந்தையே நிறுத்திய குடும்பங்கள் உண்டு. இதற்கு ஈடாக நிற்கும் தாவர மாற்று மருந்து எதுவும் வழக்கத்தில் இல்லை. உயிர் காக்கும் தேவை என்ற அடிப்படையில் இதை அனுமதிக்கும் இஸ்லாமிய அறிஞர்கள் பலர் உள்ளனர். ஐயம் உள்ளவர்கள் தங்கள் ஆலிமிடம் முதல் வாரத்திலேயே கேட்டுத் தெளிவது நல்லது. சைவக் குடும்பங்களுக்கும் இதே நேர்மை தேவை.

அளவைக் கணக்கிட இரு முறைகள் உள்ளன. எடையை வைத்து: நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேளைக்குக் கிலோவுக்கு 1,000 அலகு லைபேஸ், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 500 அலகில் தொடங்கி ஏற்றுவது. கொழுப்பை வைத்து: ஒரு கிராம் கொழுப்புக்கு 500 முதல் 4,000 அலகு வரை. எடை முறை எளிது. ஆனால் ரசஞ்சோற்றுக்கும் கல்யாணப் பந்திக்கும் அது ஒரே அளவைத்தான் சொல்லும். கொழுப்பு முறைக்கு வீட்டில் ஒருவர் எண்ணெயை அளந்து ஊற்றப் பழக வேண்டும். ஆனால் உண்மைக்கு அருகில் போவது அதுதான். என் பரிந்துரை, எடையை வைத்து உச்சவரம்பைத் தெரிந்துகொண்டு, அதற்குள் நின்று கொழுப்பை வைத்து ஒவ்வொரு வேளையையும் முடிவு செய்வது. வேளைக்குக் கிலோவுக்கு 2,500 அலகு, நாளுக்குக் கிலோவுக்கு 10,000 அலகு என்பதே அந்த வரம்பு. மேலே சொன்ன 15 கிலோக் குழந்தைக்கு வேளைக்கு 37,500, நாளுக்கு 1,50,000. நாம் போட்ட கணக்கு வேளைக்கு 30,000, நாளுக்கு 1,20,000, இரண்டுமே வரம்புக்குள்.

இந்த வரம்பு வந்த கதை கசப்பானது. மாத்திரை எண்ணிக்கையைக் குறைக்கலாமே என்று அதிக வீரியமுள்ள காப்ஸ்யூல்கள் சந்தைக்கு வந்தபின், அவற்றை உட்கொண்ட குழந்தைகள் சிலருக்குப் பெருங்குடல் தடித்துச் சுருங்கியதை 1994-இல் இங்கிலாந்தின் லிவர்பூல் மருத்துவர்கள் அறிவித்தார்கள். சிலருக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. எனவே நொதியைக் கூட்டுவது என்றால் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுவது அல்ல.

கொடுக்கும் முறையில் நடக்கும் பிழைகளே வீணாவதற்கு முதற்காரணம். சாப்பிட்டு முடித்தபின் கொடுப்பது பயனில்லை; முதல் வாய்க்கு முன்னால் கொடுக்க வேண்டும், அரை மணிக்கு மேல் சாப்பிடும் பிள்ளைக்குப் பாதியைத் தொடக்கத்திலும் பாதியை நடுவிலும் பிரிக்கலாம். விழுங்கத் தெரியாத குழந்தைக்குக் காப்ஸ்யூலைத் திருகித் திறந்தால் கடுகைவிடச் சிறிய, பழுப்பு நிற மணிகள் உதிரும். அவற்றை மசித்த ஆப்பிள் போன்ற புளிப்புள்ள கூழ் ஒரு கரண்டியில் வைத்து உடனே ஊட்டி, பின்னால் ஒரு வாய் தண்ணீர் அல்லது பால் கொடுத்து, ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். அங்கே தங்கிய ஒரு மணி போதும், மறுநாள் வாய்ப்புண் வர; நொதி எது கொழுப்பு, எது நாக்கு என்று பார்ப்பதில்லை. பால்புட்டியில் கலந்தாலோ சூடான சோற்றில் தூவினாலோ உறை அங்கேயே கரைந்து மருந்து வீணாகும். மணிகளை நசுக்கவும் கூடாது. இளநீருக்கும் பழச்சாறுக்கும் நொதி வேண்டாம். ஒரு டம்ளர் பாலுக்கு வேண்டும், தாய்ப்பாலுக்கும் வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் சிசுவுக்கும் ஒவ்வொரு முறையும் 2,000 முதல் 4,000 அலகு தேவை என்பது பல தாய்மாருக்கு வியப்பாக இருக்கிறது.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. இந்தக் காப்ஸ்யூல்களைப் பொதுவாக 25 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்லி அச்சிட்டிருப்பார்கள். வேலூரில் மே மாதத்துச் சமையலறை மேடையும் நிறுத்தி வைத்த காரின் டாஷ்போர்டும் அதற்கு எவ்வளவு மேலே என்று சொல்ல வேண்டியதில்லை. கோடையில் திடீரென்று மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருபவர்களிடம், அளவைக் கூட்டும் முன்னால், எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றுதான் நான் கேட்பேன்.

எடை ஏறாதபோது

வரம்புக்கு அருகில் நொதி கொடுத்தும் மலம் எண்ணெயாகவே போகிறது என்றால், இன்னும் கூட்டுவதா, அமிலத்தைக் குறைப்பதா, வேறு காரணம் தேடுவதா என்ற முடிவு வருகிறது. கணையம் நொதியை மட்டும் அல்ல, இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டையும் சுரக்கிறது. இந்நோயில் அதுவும் குறைவு. அதனால் சிறுகுடலின் தொடக்கம் புளித்தே கிடக்கிறது, உறை கரைய வேண்டிய இடத்தில் கரைவதில்லை. ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மருந்து அந்த இடத்தில் உதவுகிறது. ஆனால் ஆண்டுக்கணக்கில் அதைத் தொடர்வது மார்புத் தொற்றுகள் கூடுவதோடும் எலும்பு வலுவிழப்பதோடும் தொடர்புபடுத்தப்பட்டிருப்பதால், இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்து, மலத்திலும் எடையிலும் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுவதே முறை. குடற்புழு, ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணி, சிறுகுடலில் கிருமி பெருகுதல், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய், தொடங்கிவரும் சர்க்கரை நோய் ஆகியவற்றையும் தேட வேண்டும். பள்ளியில் மதிய மாத்திரையைக் கூச்சத்தில் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. எந்தச் சோதனைக்கூடமும் இதைக் கண்டுபிடிக்காது.

செரிமானம் சரியாக இருந்தும் எடை ஏறவில்லை என்றால் வீட்டுச் சாப்பாட்டை அடர்த்தியாக்குவது, டப்பாவில் வரும் சத்துமாவு, குழாய் வழி உணவு என்ற படிகள் இருக்கின்றன. முதலாவது எப்போதும் முந்த வேண்டும். பருப்புச் சோற்றில் ஒரு கரண்டி நெய், தோசையின் மேல் முட்டை, மாலையில் எள்ளுருண்டையோ கடலை மிட்டாயோ, தயிரில் பாலாடை: இவற்றைச் செய்யத் தனிச் சமையல் தேவையில்லை. ஊட்டும் நேரத்துச் சண்டையும் எடையைக் குறைக்கும். ஒரு மணி நேரம் கெஞ்சி ஊட்டும் வேளையைவிட, அரை மணிக்குள் முடித்துத் தட்டை எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடுப்பது பலன் தருகிறது.

குழாய் என்றதும் வீடுகளில் அழுகை எழுகிறது. கடைசிக் கட்டம் வந்துவிட்டது என்று நினைக்கிறார்கள். வயிற்றில் சிறு துளையிட்டுப் பொருத்தும் குழாய் வழியே இரவில், தூங்கும்போது, நாளுக்குத் தேவையான கலோரியில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ மெதுவாக ஏற்றலாம். பகலில் பிள்ளை மற்றவர்களைப் போலச் சாப்பிட்டு விளையாடும். நுரையீரல் தளர்ந்தபின் வைப்பதைவிட முன்னதாக வைத்தால் மயக்க மருந்தின் அபாயமும் குறைவு, பலனும் கூடுதல். இதைத் தள்ளிப்போடுவது பெற்றோரின் பிழை மட்டும் அல்ல. “அடம் பிடிச்சா குழாய்தான் வைக்கணும்” என்று மிரட்டலாகப் பயன்படுத்தும் மருத்துவப் பணியாளர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

உப்பு, வைட்டமின், சர்க்கரை

குழந்தையை முத்தமிட்டால் உப்புக் கரிக்கிறது என்று தாய் சொல்வது இந்நோயின் பழைய அடையாளம். 1948-இல் நியூயார்க்கில் அடித்த வெப்ப அலையில் இந்நோயுள்ள குழந்தைகள் சுருண்டு விழுந்ததைக் கண்டபின்தான், அவர்களுடைய வியர்வையில் உப்பு மிகையாக இருப்பதைப் பால் டி சான்ட் ஆக்னீஸ் 1953-இல் வெளிப்படுத்தினார். ஒரு கோடையில் அவர்கள் கண்டது நமக்கு ஆண்டில் எட்டு மாதம். நம் நாட்டுச் சிசுக்கள் பலர், மார்புச் சளியோடு அல்லாமல், வாந்தியும் சோர்வும் இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றும் குறைந்த நிலையுமாகத்தான் முதலில் மருத்துவமனைக்கு வருகிறார்கள். தாய்ப்பாலில் உப்பு மிகக் குறைவு என்பதால், மேலைநாட்டுப் பரிந்துரையே ஆறு மாதம் வரை நாளுக்கு எட்டில் ஒரு பங்கு தேக்கரண்டி, பிறகு கால் தேக்கரண்டி உப்பைப் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்கிறது. நம் கோடைக்கு மருத்துவர் இதைக் கூட்டவும் கூடும். வளர்ந்த பிள்ளைகளுக்கு உப்பிட்ட நீர்மோர், ஊறுகாய், அப்பளம் எல்லாம் நல்லதே. வெயிலில் விளையாடும் நாளில் ஓ.ஆர்.எஸ். கரைசல் அவற்றைவிட நல்லது. வெறும் தண்ணீரை மட்டும் நிறையக் குடிக்கச் சொல்வதுதான் ஆபத்து.

வைட்டமின்களில் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்போடு கரைபவை என்பதால் கொழுப்போடு சேர்ந்து வீணாகின்றன. சாதாரணப் பல்வைட்டமின் சிரப்பில் இவற்றின் அளவு போதாது. சிலவற்றில் வைட்டமின் கே இருப்பதே இல்லை. நொதி எடுக்கும் வேளையிலேயே இவற்றையும் கொடுத்து, ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அளவைப் பார்க்க வேண்டும்.

பத்து வயதிலிருந்து ஆண்டுதோறும் குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் சோதனை தேவை; வளர்ந்தோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்நோயோடு ஒட்டிய சர்க்கரை நோய் வருகிறது. அப்போது வீட்டில் ஏற்கெனவே “சுகர்” உள்ள தாத்தாவின் பத்தியத்தைப் பேரனுக்கும் போட்டுவிடுகிறார்கள். சோற்றைக் குறைப்பது இங்கே சிகிச்சை அல்ல. சாப்பாட்டை அப்படியே விட்டு, அதற்கேற்ப இன்சுலினை அமைப்பதுதான் வழி. குளிர்பானங்களை மட்டும் தள்ளி வைக்கலாம்.

புதிய மாத்திரை வந்தபின்

2019 அக்டோபரில் அமெரிக்கா மூன்று மருந்துகள் சேர்ந்த டிரிகாஃப்டாவை அனுமதித்தபின் இந்த ஒப்பீட்டின் ஒரு பக்கம் மாறியிருக்கிறது. அது சி.எஃப்.டி.ஆர். மரபணு உருவாக்கும் பழுதான புரதத்தையே ஓரளவு இயங்க வைக்கிறது. எடுத்துக்கொண்டவர்களுக்கு எடை ஏறுகிறது, சிலருக்கு அளவுக்கு மீறியும் ஏறுகிறது. எனவே அம்மருந்தில் இருப்பவர்களுக்கு 200 விழுக்காடு கலோரியும் வெண்ணெய்க் கட்டியும் இன்று பொருந்தாது. வயதுக்கேற்ற சீரான உணவும், எடையைப் பார்த்து மாற்றுவதும் போதும். மிக இளவயதில் இவ்வகை மருந்து தொடங்கிய சில குழந்தைகளுக்கு மல எலாஸ்டேஸ் உயர்ந்திருப்பது பதிவாகியுள்ளது. வளர்ந்தவர்களுக்கோ பெரும்பாலும் நொதி தொடர்ந்து தேவைப்படுகிறது. அந்த மாத்திரையையும் கொழுப்புள்ள உணவோடுதான் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பில் சேராது.

ஆனால் அதன் விலை அமெரிக்காவில் ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கு மேல். அது முதன்மையாகக் குறிவைக்கும் எஃப்508டெல் என்னும் மரபணுப் பிறழ்வு, ஐரோப்பிய நோயாளிகளைவிட இந்திய நோயாளிகளிடம் குறைந்த விகிதத்திலேயே காணப்படுகிறது. எனவே நம் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்கு டொராண்டோ வழி இன்னும் பழையதாகிவிடவில்லை. வெளிநாட்டு உறவினர் “இப்ப எல்லாம் கொழுப்பு வேண்டாம்னு சொல்றாங்க” என்று அனுப்பும் தகவல், அவர் நாட்டு நோயாளிக்குச் சரி. அந்தப் புதிய மாத்திரை கிடைக்காத இந்தப் பிள்ளைக்குச் சரியல்ல.

கையில் உள்ள பணத்தை எதில் முதலில் போடுவது என்று கேட்பவர்களுக்கு என் வரிசை இது: முதலில் உறையிட்ட நொதிக் காப்ஸ்யூல், அடுத்து வைட்டமின்கள், உப்புக்குச் செலவே இல்லை, நெய்யும் கடலையும் மளிகைக் கணக்கிலேயே அடங்கிவிடும். விளம்பரத்தில் உயரமாக வளர வைக்கும் சத்துப்பொடி டப்பா கடைசி. பெரும்பாலான வீடுகளில் நான் பார்ப்பது இதற்கு நேர் எதிர்: அலமாரியில் மூன்று டப்பாக்கள், காப்ஸ்யூல் புட்டியிலோ மாதக் கடைசிக்கு வைத்திருக்கும் ஆறே ஆறு. அந்த டப்பாவைப் பாலில் கரைத்துக் கொடுக்கும்போதும் நொதி வேண்டும் என்று சொன்னால், அதன் பிறகு ஒரு டப்பா குறைந்து ஒரு புட்டி கூடுகிறது.